குடவோலை முதல் கணினி வரை: வாக்கின் இரகசியம் ஒரு வரலாறு



இம்முறை வரலாறு ஒன்றை எழுத விழைகிறேன். அதற்கு முன், அவ்வரலாற்றை நான் தேடிப் படிக்க நேர்ந்த காரணத்தைச் சொல்லியாக வேண்டும். காரணம் என் தவறு.

சில ஆண்டுகளுக்கு முன், பெற்றோர்களும் முன்னாள் மாணவர்களும் கூடி வைத்திருந்த சிறிய இணையத்தளம் ஒன்றைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அறிவிப்புகள், விளையாட்டுப் போட்டிப் படங்கள், தேர்வு அட்டவணை ஆகியவையே அதில் இருக்கும். அவ்வாண்டு சேர்ந்த நிதியை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வி எழுந்தது. மண்டபத்து மேடையைப் புதுப்பிக்கலாம் என்றனர் சிலர். தொலைவிலுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்திற்கு உதவலாம் என்றனர் வேறு சிலர். இணையம்வழி வாக்கெடுப்பு நடத்தலாம் என்று நான்தான் முன்மொழிந்தேன். "உங்கள் வாக்கு இரகசியம்" என்று படிவத்தின் தலைப்பில் எழுதியவனும் நானே.

ஒருவரே இருமுறை வாக்களித்துவிடக் கூடாதே என்பதற்காகப் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டிருந்தேன். ஒவ்வொரு முகவரிக்கும் நேர் எதிரே அவரவர் விருப்பம் பட்டியலில் வரிசையாக நின்றது. முடிவைச் சரிபார்க்க வந்த ஒருவர் என் கணினித் திரையைப் பார்த்தார். நானும் மறைக்கவில்லை, மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு தாயார் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். "ஐயா, ரகசியம்னுதானே போட்டிருந்தீங்க? நான் எதுக்குப் போட்டேன்னு என் முதலாளிக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது.

வாக்கை எண்ணத் தெரிந்த எனக்கு அதைக் காக்கத் தெரியவில்லை. மனித இனம் இதை எவ்வாறு கற்றுக்கொண்டது என்று தேடத் தொடங்கினேன். தேடல் நம் முன்னோரின் பானையிலிருந்தே தொடங்கியது.

உத்திரமேரூர்ப் பானை

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரை நம்மில் பலர் பாடநூல் வழியாக அறிவோம். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டையும் மற்றொன்று கி.பி. 921-ஆம் ஆண்டையும் சார்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. முதற்கல்வெட்டில் வகுத்த விதிகளை இரண்டாண்டுகளில் மேலும் திருத்தியுள்ளனர் என்பது கவனிக்கத்தக்கது. நடைமுறையில் கண்ட குறைகளைச் சரிசெய்ய அவர்கள் தயங்கவில்லை.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளோரின் பெயர்களை ஓலையில் எழுதுவர். குடும்புக்கு ஒரு கட்டாகக் கட்டி, இன்ன குடும்பு என்று அறிவிக்கும் வாயோலையை இணைத்துப் பானையில் இடுவர். சிறியவர் முதல் பெரியவர் வரை அனைவரும் கூடியிருக்க வேண்டும். நம்பிமாருள் மூத்தவர் பானையை எல்லாரும் காணும்படி உயர்த்திக் காட்டுவார். உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டின் ஓலைகளை வேறொரு வெறும் பானையில் இட்டுக் குலுக்குவர். அதிலிருந்து ஓர் ஓலையை அச்சிறுவனே எடுத்து மத்தியஸ்தன் கையில் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். அவர் படித்த பின்னர், அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதைப் படிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் ஏற்றுக்கொள்ளப்படும். இவ்வாறு சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என முப்பதின்மர் தேர்வாயினர். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர்தம் உறவினருக்கும் பெயர் எழுதப்படும் தகுதியே இல்லை.

ஐந்து விரலையும் விரித்து வாங்குதல் என்ற விதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். விரலிடுக்கில் முன்கூட்டியே ஓர் ஓலையை மறைத்து வைத்திருந்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே அவ்விதி. பானையை உயர்த்திக் காட்டுவதும், அறியாச் சிறுவனை அழைப்பதும், பலர் படிப்பதும் இதே எண்ணத்தால் எழுந்தவை. நடத்துபவர் நல்லவரா என்று அவர்கள் ஆராயவில்லை. நல்லவர் அல்லாதவர் நடத்தினாலும் ஏமாற்ற இயலாதவாறு முறையை அமைத்தார்கள்.

ஓலைப் பானைக்கு முத்திரையிடும் வழக்கம் இதனினும் பழையது. அகநானூற்றின் 77-ஆம் பாடலில், கயிற்றால் கட்டிய குடத்தின் பொறியை ஆராய்ந்து நீக்கி ஓலையை எடுப்போர் உவமையாக வருகின்றனர். பாலைத் திணைப் பாடலொன்றில் உவமையாக வரும் அளவிற்கு அக்காட்சி அன்றையோர்க்குப் பழக்கமாக இருந்தது.

பெருமை பேசும்போது உண்மையையும் மறைத்தல் ஆகாது. உத்திரமேரூர் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்ட ஆடவர் பெயரே ஓலையில் ஏறியது. உழுதவரும் பெண்டிரும் அதில் இல்லை. மேலும் அது குலுக்கல் முறை; ஒருவர் தம் விருப்பத்தைத் தெரிவிக்கும் வாக்களிப்பு முறை அன்று. ஆகவே வாக்கின் இரகசியத்தைக் காக்கும் தேவை அங்கு எழவே இல்லை. நேர்மையைக் கண்ணால் காட்டும் கலையை அப்பானையிடம் கற்கலாம். இரகசியத்தை வேறிடத்தில்தான் கற்க வேண்டும்.

உரக்கச் சொன்ன வாக்கு

பிரிட்டனில் 1872 வரை நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் மேடைமுன் நின்று, தாம் ஆதரிப்பவரின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பதிவேட்டில் எழுதுவார். யார் யாருக்கு வாக்களித்தார் என்ற அப்பதிவேடுகள் அச்சாகி விற்கப்பட்டதும் உண்டு. குத்தகைக்காரர் நிலக்கிழார் முன்னிலையிலும், கடைக்காரர் வாடிக்கையாளர் முன்னிலையிலும் வாக்களித்தனர். மாற்றி வாக்களித்தவர் நிலத்தை இழந்தார், வணிகத்தை இழந்தார். என் படிவமும் ஏறத்தாழ அப்பதிவேட்டைப் போன்றதே என்பதை இதைப் படித்தபோது உணர்ந்தேன்.

தீர்வு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1856-இல் விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் புதிய முறையைச் சட்டமாக்கின. அரசே ஒரே மாதிரியான தாள்களை அச்சிடும். எல்லா வேட்பாளர் பெயரும் அதில் இருக்கும். வாக்களிப்பு மையத்தில் மட்டுமே தாள் கிடைக்கும். தடுப்புக்குள் தனியே நின்று குறியிட்டு, மடித்துப் பெட்டியில் இட வேண்டும். எளிய முறைதான். ஆயினும், பட்டியலில் பெயரை வெட்டும்போது 'யார் வாக்களித்தார்' என்பது எல்லார்க்கும் தெரிகிறது. தாள் பெட்டிக்குள் மற்றத் தாள்களோடு கலக்கும்போது 'யாருக்கு வாக்களித்தார்' என்பது எவர்க்கும் தெரியாமற் போகிறது. இவ்விரு கேள்விகளையும் பிரித்துவைப்பதே இரகசிய வாக்கெடுப்பின் உயிர்நாடி.

பிரிட்டன் 1872-இல் இதனை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15-இல் பாண்டிஃபிராக்ட் நகரில் நடந்த இடைத்தேர்தலே அங்கு இம்முறையில் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல். அவ்வூரில் செய்யப்படும் அதிமதுர மிட்டாய்க்கு இடும் அச்சைக் கொண்டே பெட்டிக்கு முத்திரை வைத்தார்களாம். கையில் இருந்ததைக் கொண்டு காரியத்தை முடித்திருக்கிறார்கள். சிறிய சங்கங்களை நடத்தும் நமக்கு இதுவும் ஒரு பாடம்.

நம் தோட்டங்களிலும் நம் நாட்டிலும்

கோப்பெங் வட்டாரத்தில் ஈய வயல்களும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்த காலத்தை நம் மூத்தோர் இன்றும் சொல்வர். தோட்டத்தில் வேலையும் துரை கொடுத்தது. குடியிருக்கும் லயமும் துரை கொடுத்தது. நடுவில் கங்காணியும் கிராணியும். வேலை போனால் வீடும் போயிற்று. அத்தகைய இடத்தில் எல்லார் முன்னிலையிலும் கையை உயர்த்துவது எத்துணைத் துணிவு வேண்டிய செயல் என்பதை விளக்க வேண்டியதில்லை. பல சங்கங்கள் ஒன்றிணைந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பின்னர் வந்த 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கவும் வேலைநிறுத்தம் பற்றி முடிவெடுக்கவும் இரகசிய வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கியது. வேலைநிறுத்தத்தை எளிதாக்க எழுந்த சட்டமன்று அது, கட்டுப்படுத்தவே எழுந்தது. ஆயினும் தொழிலாளி தன் மனத்தை அஞ்சாமல் தெரிவிக்க ஒரு மடித்த தாள் அவனுக்குக் கிடைத்தது.

மலாயாவில் முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நடைபெற்றது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் தொடர்ந்தது. 1955 ஜூலை 27-இல் முதல் கூட்டரசுத் தேர்தல். 52 இடங்களில் கூட்டணி 51-ஐ வென்றது. எஞ்சிய ஓரிடம் நம் பேராக் மாநிலத்தின் கிரியான் தொகுதி. அதைப் பாஸ் கட்சி பெற்றது. அன்றைய வாக்காளர் பட்டியலில் இந்தியரும் ஏனையோரும் சேர்ந்து 5 விழுக்காட்டுக்கும் குறைவு. குடியுரிமை பெறாதோர் பெருந்தொகையினர். வாக்கு என்பது எளிதாகக் கிடைத்த பொருளன்று என்பதை நம் மாணவர்க்குச் சொல்லித்தர இவ்வெண் ஒன்றே போதும்.

2013 மே 5-இல் நடைபெற்ற 13-ஆவது பொதுத்தேர்தலில் விரலில் அழியா மை பூசும் முறை நம் நாட்டில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. 2008-இலேயே திட்டமிடப்பட்டு, வாக்களிப்புக்குச் சில நாள் முன்னர் கைவிடப்பட்ட முறை அது. மையைக் கண்டால் அவர் வாக்களித்தார் என்று அறியலாம். எவருக்கு என்று மை சொல்லாது. நான் மேலே சொன்ன இரு கேள்விகளையும் ஒரு துளி மை எவ்வளவு அழகாகப் பிரித்துவிடுகிறது!

இந்தியா கற்ற பாடங்கள்

இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரிலிருந்து 1952 பிப்ரவரி வரை நடந்தது. வாக்காளர் ஏறத்தாழ 17 கோடிப் பேர், பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அதனால் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினர். வாக்காளர் தாளில் எதையும் எழுத வேண்டியதில்லை. விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் இட்டால் போதும். இதற்கென 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பெட்டிகள் செய்யப்பட்டன. ஆனால், தாளைப் பெட்டியில் போடாமல் மறைத்து வெளியே எடுத்துச் செல்ல வழி இருந்தது. 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குள், தாளில் குறியிட்டு ஒரே பெட்டியில் இடும் முறை வந்துவிட்டது.

1982-இல் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு இயந்திரம் முதலில் பயன்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாதெனத் தீர்த்தது. சட்டம் திருத்தப்பட்டு, 2004 நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் இயந்திரங்கள் வந்தன. விரைவு கிடைத்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. தாள் முறையில் பல சாவடிகளின் தாள்களைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரமோ தன் சாவடியின் எண்ணிக்கையைத் தனியே காட்டிவிடும். இன்ன சிற்றூர் இன்ன கட்சிக்கு வாக்களிக்கவில்லை என்பது வெளியே தெரிந்துவிடும். ஒருவர் பெயர் வெளிவராமலேயே ஓர் ஊரே அடையாளம் காணப்படலாம்.

2013 செப்டம்பர் 27-இல் வந்த மற்றொரு தீர்ப்பு என்னை மிகவும் ஈர்த்தது. எவருக்கும் வாக்களிக்க விரும்பாத வாக்காளர், அதுவரை அலுவலரிடம் அதைச் சொல்லிப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டியிருந்தது. ஏனையோர் விருப்பம் இரகசியமாக இருக்க, இவர் விருப்பம் மட்டும் வெளிப்பட்டது. இதுவும் இரகசிய உரிமையை மீறுவதே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பின்னரே 'மேற்கண்ட எவரும் இல்லை' என்னும் பொத்தான் இயந்திரத்தில் சேர்ந்தது. நம் கூட்டங்களில் 'வாக்களிக்க விரும்பாதோர் கையை உயர்த்தவும்' என்கிறோமே, அதையும் நாம் மறுமுறை எண்ணிப் பார்க்கலாம்.

கணக்கறிஞர்கள் செய்த பானை

இனிக் கணினிக்கு வருவோம். இணையத்தில் தடுப்பு இல்லை; மடித்த தாள் இல்லை; பெட்டியும் இல்லை. யார் அனுப்பினார் என்பதும் என்ன அனுப்பினார் என்பதும் ஒரே வழியில், ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அவற்றை எப்படிப் பிரிப்பது?

டேவிட் சாம் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1981-இல் ஒரு வழி சொன்னார். மடலைப் பல உறைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு அனுப்ப வேண்டும். முதல் கணினி மேலுறையை நீக்கி, வந்த மடல்களையெல்லாம் குலுக்கி அடுத்ததற்கு அனுப்பும். அடுத்ததும் அவ்வாறே செய்யும். இறுதியில் மடல் இருக்கும். அனுப்பியவர் யார் என்ற தடம் இராது. உத்திரமேரூரில் ஒரு பானையிலிருந்து மறு பானைக்கு மாற்றிக் குலுக்கியதை இது எனக்கு நினைவூட்டியது.

அவரே அடுத்து வேறொரு வழியையும் கூறினார். உட்புறம் கரித்தாள் வைத்த உறைக்குள் வாக்குத் தாளை இட்டு மூடிக் கொடுக்க வேண்டும். அலுவலர், வந்தவர் தகுதியுடையவர்தாம் என்று பார்த்து, உறையின் மேல் ஒப்பமிடுவார். கரித்தாள்வழி ஒப்பம் உள்ளிருக்கும் தாளில் பதியும். வாக்காளர் உறையை நீக்கிவிட்டு, ஒப்பமுள்ள தாளைப் பெயரின்றி அனுப்புவார். அலுவலர் தம் ஒப்பத்தை அறிவார். தாள் யாருடையது என்பதை அறியார். இதையே அவர் கணக்கு வழியில் செய்து காட்டினார்.

மூன்றாவது வழி, வாக்குகளைத் திறவாமலே கூட்டுதல். இதை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். ஐந்து மாணவரை வட்டமாக நிறுத்துங்கள். முதல் மாணவன் மனத்துக்குள் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளட்டும். 347 என்று கொள்வோம். 'ஆம்' என்பவர் 1 கூட்ட வேண்டும். 'இல்லை' என்பவர் எதையும் கூட்ட வேண்டாம். முதல்வன் 'ஆம்', 348 என்று அடுத்தவன் காதில் சொல்கிறான். இரண்டாமவள் 'இல்லை'; 348. மூன்றாமவன் 'ஆம்', 349. நான்காமவள் 'ஆம்', 350. ஐந்தாமவன் 'இல்லை', 350 என்று முதல்வனிடமே சொல்கிறான். முதல்வன் 347-ஐக் கழிக்க, விடை 3. மூவர் 'ஆம்' என்றனர் என்பது தெரிந்துவிட்டது. எவர் என்பது தெரியவில்லை. மாணவர்க்கு இது மிகுந்த வியப்பைத் தரும். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டாமவளும் நான்காமவளும் பேசி வைத்துக்கொண்டால் என்னாகும்? நடுவில் இருப்பவனின் வாக்கு வெளிப்பட்டுவிடும். எந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் பிள்ளைகள் அப்போதே கண்டுகொள்வர்.

நடைமுறையில் கண்டவை

எஸ்தோனியா என்னும் சிறிய நாடு 2005 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தலில் இணைய வாக்களிப்பைத் தொடங்கியது. பயன்படுத்தியோர் அன்று 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 2007-இல் நாடாளுமன்றத் தேர்தலிலும் அதைக் கொண்டுவந்தது. 2023 தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் இணையம்வழி வந்தன. அங்குள்ள முறை இரட்டை உறை போன்றது. வெளியுறையில் வாக்காளரின் மின்னொப்பம். உள்ளுறையில் பூட்டிய வாக்கு. எண்ணும்முன் வெளியுறையை நீக்கிவிடுவர். வீட்டில் ஒருவர் அருகில் நின்று மிரட்டினால் என்ன செய்வது? வாக்காளர் பின்னர் மீண்டும் வாக்களிக்கலாம். இறுதியாக அளித்ததே கணக்கில் சேரும். நாடு முழுவதற்கும் அடையாள அட்டையும் மின்னொப்பமும் இருந்ததால் இது இயன்றது என்பதை மறந்துவிடலாகாது.

நம் நாட்டில் மக்கள் நீதிக் கட்சி 2018-இல் தன் உட்கட்சித் தேர்தலுக்குக் கையடக்கக் கணினிகளையும், 2022-இல் கைப்பேசிச் செயலியையும் பயன்படுத்தியது. எனவே இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று.

தோல்விகளும் உண்டு. 2010-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன், தன் இணைய வாக்களிப்பு அமைப்பைச் சோதித்துப் பார்க்குமாறு பொதுமக்களை அழைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவினர் 48 மணி நேரத்துக்குள் அதனுள் புகுந்து வாக்குகளை மாற்றிக் காட்டினர். 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இணைய அமைப்பு தடைப்பட, பலர் வாக்களிக்க இயலாது போயினர். மூன்று உள்ளாட்சி இடங்களின் முடிவுகளை நீதிமன்றம் செல்லாதென்றது.

எல்லாவற்றிலும் என்னைச் சிந்திக்க வைத்தது 2025-இல் நடந்த ஒன்று. மறைக்குறியீட்டியல் ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கம், அதாவது இரகசியக் கணக்கில் உலகின் தலைசிறந்தோர் கூடியுள்ள சங்கம், தன் பொறுப்பாளர் தேர்தலை 'ஹீலியோஸ்' என்ற இணைய முறையில் நடத்தியது. பென் அடிடா என்பவர் 2008-இல் வெளியிட்ட முறை அது. பூட்டைத் திறக்கும் சாவி மூவரிடம் பிரித்துத் தரப்பட்டது. மூவரும் சேர்ந்தால்தான் முடிவு தெரியும். கோயில் உண்டியலுக்கு வெவ்வேறு ஆள் கையில் வெவ்வேறு சாவி இருப்பதைப் போன்றது. மூவருள் ஒருவர் தம் சாவியை மீட்க இயலாதவாறு தொலைத்துவிட்டார். முடிவை எவராலும் திறக்க முடியவில்லை. மறுதேர்தல் அறிவித்து, இம்முறை மூவரில் இருவர் போதும் என்று விதியை மாற்றினர். அறிஞர்க்கும் அடி சறுக்கும். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களின் தேர்தல் பழுதானது. எவருடைய வாக்கும் வெளியாகவில்லை. என் தேர்தலிலோ எல்லாம் பழுதின்றி நடந்தது. ஒரு தாயாரின் வாக்கு வெளியாகிவிட்டது.

நமக்கு ஏற்ற வழி

இத்தனையும் படித்த பின், சிறிய சமூகத்திற்கு எது பொருந்தும் என்று எண்ணினேன். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொறுப்பாளர் தேர்வு போன்ற பெரிய முடிவுகளுக்குத் தாளும் பெட்டியுமே சிறந்தவை என்பது என் துணிபு. நேரில் வர இயலாதோரும் கலந்துகொள்ள வேண்டிய சிறு முடிவுகளுக்கு, பழைய பானையையும் புதிய கணினியையும் சேர்த்து ஒரு முறையை அமைத்தேன்.

எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளைச் சிறு தாள்களில் அச்சிட்டு, மடித்துப் பானையில் இடுகிறோம். மாணவர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் குலுக்குவார். பிள்ளையை அழைத்துப்போக வரும் பெற்றோர் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வர். ஓர் ஆசிரியர் பட்டியலில் பெயரை மட்டும் வெட்டுவார். எடுத்த குறியீட்டை அவர் பார்ப்பதில்லை. பெற்றோர் தமக்கு வசதியான நேரத்தில் அக்குறியீட்டை இட்டு வாக்களிப்பர். ஒரு குறியீட்டை ஒரு முறையே கணினி ஏற்கும். பெயர், மின்னஞ்சல், நேரம், இணைய முகவரி ஆகிய எதையும் பதிவு செய்யாதவாறு அமைத்திருக்கிறேன். இறுதியில் குறியீடுகளும் அவற்றின் வாக்குகளும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அவரவர் தம் குறியீட்டைப் பார்த்துச் சரிபார்க்கலாம். எஞ்சிய தாள்களை எல்லார் முன்னிலையிலும் எண்ணுகிறோம். கைப்பேசி இல்லாதோர்க்குத் தாளும் பெட்டியும் உண்டு.

இதிலும் குறைகள் உள்ளன. ஒருவர் தம் குறியீட்டைப் பிறரிடம் காட்டி, தாம் எதற்கு வாக்களித்தோம் என்று மெய்ப்பிக்க இயலும். ஆகவே மிரட்டலுக்கும் கையூட்டுக்கும் இது முழுக்காப்பு ஆகாது. பன்னிருவர் மட்டும் வாக்களித்துப் பன்னிருவரும் ஒன்றையே தேர்ந்தெடுத்தால், எந்த முறையாலும் இரகசியத்தைக் காக்க முடியாது. அதனால் வாக்களித்தோர் மிகச் சிலராயின் எண்ணிக்கையைச் சொல்லாமல் முடிவை மட்டும் அறிவிக்கிறோம். அப்போது பலகையில் பட்டியலும் ஒட்டப்படுவதில்லை. இக்குறைகளையெல்லாம் வாக்களிக்கும் முன்னரே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறேன். சொல்லாத குறையால் பட்ட பாடு எனக்குப் போதும்.

வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கையை உயர்த்தச் சொல்லும் வழக்கத்தையும் என் வகுப்பில் நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் தோழனின் கையைப் பார்த்துத் தம் கையை உயர்த்துவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். இப்போது சிறு தாள், ஓர் அட்டைப் பெட்டி, கரும்பலகையில் கோடிட்டு எண்ணுதல். பதினைந்து நிமிடமே ஆகிறது. வரலாறும் கணிதமும் நன்னெறியும் ஒரே பாடத்தில் அமைந்துவிடுகின்றன.

அந்தத் தாயாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த முறை பானையைக் கொண்டுவந்தபோது அவர் உடனே தாளை எடுக்கவில்லை. "இப்ப உங்களுக்கும் தெரியாதா ஐயா?" என்று கேட்டார். "எனக்கும் தெரியாதம்மா, தெரிந்துகொள்ள வழியும் இல்லை" என்றேன். பானைக்குள் எட்டிப் பார்த்தார். தாள்களை ஒருமுறை தாமே கலைத்துவிட்டார். பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

உங்கள் பள்ளிகளிலும் சங்கங்களிலும் எவ்வாறு வாக்கெடுப்பு நடத்துகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். குறை இருப்பின் திருத்துங்கள். உத்திரமேரூரார் இரண்டே ஆண்டுகளில் திருத்தினார்கள்.